சொந்தங்கள் தங்கினால் எவ்வளவு வாங்குவது? நிலாவெளிப் பங்கு வீட்டின் கணக்கு

திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளிக் கரையில் எங்களுக்கு ஒரு பங்கு வீடு இருக்கிறது. அப்பா வாங்கிப்போட்ட காணி. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்து திரும்பியபோது அதில் மிஞ்சியது கிணறும் அத்திவாரமும்தான். சண்டை முடிந்து சில வருடம் கழித்து, சகோதரங்கள் நாலு பேரும் காசு போட்டு மூன்று அறையுடன் வீட்டை எழுப்பினோம். அண்ணா ரொறன்ரோவில், அக்கா கொழும்பில், தம்பி லண்டனில், நான் திருகோணமலை ரவுணில். திறப்பு என்னிடம் இருப்பதால் கணக்கும் என் தலையில்.

எங்கள் பக்கத்தில் கடல் குளிக்க ஏற்றதாக இருப்பது ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் வரை, ஏறக்குறைய 26 வாரம். அதை ஆளுக்கு ஆறு வாரமாகப் பிரித்து, மிச்சம் இரண்டை திருத்த வேலைக்கு விட்டிருக்கிறோம். இந்தப் பிரிப்பு அண்ணாவின் யோசனை. அவரிடம் புளோரிடாவில் ஒரு டைம்ஷெயார், அதாவது ஒரு விடுதியைப் பலர் வார வாரமாகப் பங்குபோட்டு வைத்திருக்கும் உரிமை, இருக்கிறது. வருடத்தில் ஒரு வாரம் அவருடையது என்று அங்கே எழுத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எங்கள் வாரக் கணக்கும் வந்தது.

முதல் வருடம் ஒருவரிடமும் ஒரு சதமும் வாங்கவில்லை. ஓகஸ்டில் பெரியப்பாவின் பிள்ளைகள், மச்சாளின் சகோதரங்கள், அக்காவின் மருமகன் பக்கத்து ஆட்கள் என்று வீடு நிறைந்திருந்தது. சந்தோசமாகத்தான் இருந்தது. செப்டெம்பரில் கரண்ட் பில்லும் மோட்டர் எரிந்த செலவும் வந்தபோது, நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போயிற்று. வந்து தங்கியவர்களில் ஒரு பிழையும் இல்லை. எவ்வளவு என்று நாங்கள் வாய் திறக்கவே இல்லையே. அதற்குப் பிறகு படித்ததை, இப்படி ஒரு வீடோ டைம்ஷெயாரோ புதிதாகக் கைக்கு வந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

யாரிடம் வாங்கவே கூடாது

தொகையைப் பற்றி யோசிக்க முன் இந்தப் பட்டியலைப் போடுங்கள். எங்கள் பட்டியலில் முதலில் அம்மாவும் அம்மா அப்பாவின் கூடப்பிறந்தவர்களும். பெரியம்மா வந்து ஒரு மாதம் இருந்தாலும் அவரிடம் மீற்றர் கணக்குச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வராது. அந்தச் செலவு எங்கள் நாலு பேருக்குமானது.

அடுத்தது காரியத்துக்கு வருபவர்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளை வெளியூர் ஆட்கள் குளிக்கிற இடமாகத்தான் பார்க்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு அது அந்தியேட்டிக்கு, அதாவது இறந்தவருக்கான காரியத்துக்கு, போகிற இடமும். இராவணன் தன் தாயின் கடன் கழிக்க உண்டாக்கியவை அந்த ஏழு கிணறும் என்று சின்ன வயதிலேயே சொல்லித் தருவார்கள். அப்படி ஒரு காரியம் முடித்துவிட்டு இரண்டு இரவு தங்க வீடு கேட்டு வந்தவர்களிடம் காசு என்ற சொல்லையே எடுக்கக் கூடாது. மருத்துவத்துக்கு வந்து நிற்பவர்களுக்கும் இதே முறை.

மூன்றாவது, கூடப்பிறந்தவர்கள். அவர்கள் தங்குவதற்கு வாடகை இல்லை, ஆனால் கணக்கு உண்டு. தன் வாரத்துக்குரிய கரண்ட், காஸ், துப்புரவுக் கூலி எல்லாம் அவரவர் கட்ட வேண்டும். நாங்கள் சறுக்கினது இதில்தான். வீடு என்னுடையதுதானே என்று நாலு பேரும் நினைத்தால், கடைசியில் ஊரில் இருப்பவர்தான் எல்லாம் கட்டுவார்.

மற்ற எல்லோருக்கும், அதாவது ஒன்றுவிட்ட சகோதரங்கள், சம்பந்தி பக்கம், மருமக்கள் பக்கம், எல்லோருக்கும் ஒரே தொகை.

வீடு சும்மா இருந்தாலும் போகிற காசு

ஒரு கொப்பியை எடுத்து, ஒருவரும் தங்காவிட்டாலும் வருடத்தில் என்ன செலவாகும் என்று எழுதுங்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு வைப்போம். வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 20,000 என்றால் வருடத்துக்கு 240,000 ரூபா. பெயின்ற், கூரை, கிணறு இறைப்பது, மலக்குழி வெளியாக்குவது எல்லாம் 150,000. பிரதேச சபை வரி, ஆள் இல்லாத மாதங்களின் கரண்ட், தண்ணீர் 30,000. பிறகு ஒரு 100,000ஐ தனியாக வைக்க வேண்டும். அது உப்புக் காற்றுக்கு.

இந்தக் கடைசித் தொகையைத்தான் புதியவர்கள் மறப்பார்கள். கடலுக்கு இவ்வளவு கிட்ட ஏசியின் வெளிப்பெட்டி, பிரிஜ்ஜின் பின்பக்கம், ஜன்னல் கம்பி, மோட்டர் எல்லாம் ரவுணில் இருப்பதைவிட மிக விரைவாகத் துருப்பிடிக்கும். அது உடைந்து நிற்கிற அன்று தங்கியிருப்பவரின் குற்றம் இல்லை. ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருந்தால் யாரையும் குறை சொல்லத் தோன்றாது.

மொத்தம் 520,000. இதை எத்தனையால் பிரிப்பது? இங்கே இரண்டு வழி இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. ஆட்கள் வருகிற 26 வாரத்தால் பிரித்தால் வாரத்துக்கு 20,000. வருடத்தின் 52 வாரத்தாலும் பிரித்தால் 10,000. தம்பி முதல் வழியைச் சொன்னான். மாரிகாலத்தில் வீடு வெறுமையாகக் கிடப்பதற்கும் யாரோ கட்டத்தானே வேண்டும் என்பது அவன் நியாயம்.

நான் 52ஆல் பிரிக்கச் சொன்னேன், இன்றும் அதையே சொல்வேன். காணியின் விலை ஏறினால் அது எங்களுடையது. வந்து ஒரு வாரம் இருந்துபோகிற சித்தப்பாவின் மகனுக்கு அதில் ஒரு சதம் கிடைக்காது. ஆகவே ஆளில்லாத வாரங்களின் சுமையும் எங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். அவர் படுத்துறங்கிய ஏழு நாளுக்கான பங்கை மட்டும் அவர் தந்தால் போதும். கட்டின செலவையோ காணிக் காசையோ இந்தக் கணக்குக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

தங்குவதால் ஏறுகிற காசு

இதில் தண்ணீரையும் காஸையும் பற்றிப் பெரிதாக யோசிக்கத் தேவையில்லை. காஸ் முடிந்தால் அப்போது தங்கியிருப்பவர் சிலிண்டரை மாற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். கரண்ட் வேறு மாதிரி.

வீட்டு மின் இணைப்பில் அலகுக்கு ஒரே விலை இல்லை. மாதம் 60 அலகுக்குள் நின்றால் ஒரு விலைப்பட்டியல். அதைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு பட்டியல். அதன்பின் 90, 120, 180 என்று படி ஏற ஏற அலகின் விலையும் ஏறும், மாத நிலைக் கட்டணமும் ஏறும். எங்கள் மீற்றரில் நான் பார்த்தபடி, ஒரு அறையின் ஏசி இரவு எட்டு மணித்தியாலம் ஓடினால் ஆறு ஏழு அலகு. இரண்டு அறை என்றால் ஒரு வாரத்தில் நூறு அலகுக்குக் கிட்ட. பகலிலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓடவிட்டால் அதற்கு மேல்.

ஆகவே, அலகுக்கு இத்தனை ரூபா என்று முன்கூட்டியே சொல்வது சரிவராது. நான் செய்வது இது. ஆட்கள் வந்து இறங்கியதும் மீற்றரைப் படம் எடுத்து அவர்களே வட்ஸ்அப்பில் போட வேண்டும். போகிற அன்றும் அதே. மாத முடிவில் பில் வந்தவுடன், வெறுமையாகக் கிடந்த ஒரு மாதத்தின் பில்லை அதிலிருந்து கழிப்பேன். உதாரணமாக வெறும் மாதம் 500, ஓகஸ்டில் 9,500 என்றால் வித்தியாசம் 9,000. அந்த மாதம் இரண்டு குடும்பம் தங்கி, ஒன்று 60 அலகும் மற்றது 140 அலகும் எடுத்திருந்தால், முதலாவது 2,700, இரண்டாவது 6,300. படத்தை அவர்களே எடுத்ததால் ஒருவரும் என்னிடம் திருப்பிக் கேட்டதில்லை.

மீற்றரில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து வருபவர்களிடம் கூடுதலாக வாங்க வேண்டும், அவர்கள் பவுணில் உழைக்கிறார்கள் என்று ஊரில் பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரே வீட்டில் ஒரே கட்டிலில் படுப்பவருக்கு விலை மாறினால் அந்தப் பிள்ளைகள் அடுத்த முறை ஹோட்டலுக்குத்தான் போவார்கள், நாங்கள் அவர்களை வருடத்தில் ஒரு நேரச் சாப்பாட்டுக்குத்தான் காண்போம். ஏசியைக் கூடுதலாகப் போட்டவர் கூடுதலாகக் கட்டட்டும். லண்டனோ மூதூரோ, மீற்றருக்குத் தெரியாது.

துப்புரவுக் கூலியில் சலுகை கிடையாது

எங்கள் வீட்டைக் கூட்டித் துடைத்து, பெட்சீற்றும் துவாயும் தோய்த்துப் போடுவது பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஒரு அக்கா. ஒவ்வொரு குடும்பமும் போனபின் அவருக்கு ஒரு முழு நாள் வேலை. பெரியம்மா தங்கினால் எங்களுக்குக் காசு இல்லை, ஆனால் அவருக்கு வேலை அதேதான். ஆகவே இலவசமாகத் தங்குபவர்கள் போனபின்னும் அவருக்கு இந்தக் கூலி உண்டு. அவர்களிடம் கேட்காமல் நாங்கள் கொடுப்போம். மற்றவர்களை, என் கைக்கு வந்து போகாமல் நேரே அவர் கையில் கொடுக்கச் சொல்வது இன்னும் நல்லது. கொடுப்பவர் அவருடன் ஒரு வார்த்தை பேசுவார், வீட்டையும் கொஞ்சம் ஒழுங்காக விட்டுப் போவார்.

எல்லாம் கூட்டினால் ஒரு வாரத்துக்கு வீட்டுப் பங்கு 10,000, கரண்ட் 6,300, கூலி 4,000. மொத்தம் 20,300 ரூபா, ஐந்து ஆறு பேருக்கு. ஓகஸ்டில் இதே கரையில் ஹோட்டலில் மூன்று அறை எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு சின்னத் தொகை என்று தெரியும். புறாத்தீவுக்குப் போகிற வள்ளக் காசும் நுழைவுச் சீட்டும் அவரவர் செலவு. அது தேசியப் பூங்கா, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சீட்டு விலை வேறு. நீங்கள் முன்கூட்டிக் கட்டிவிட்டு வித்தியாசத்தைக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

உண்மையான டைம்ஷெயார் என்றால்

இது ரொறன்ரோ, லண்டன், சென்னையில் இருந்து வாசிப்பவர்களுக்கு. அண்ணாவின் கணக்கை நாங்கள் இரண்டு பேரும் இருந்து போட்டதில் தெரிந்தது, வீட்டுக் கணக்கை அப்படியே அங்கே கொண்டுபோக முடியாது.

டைம்ஷெயாரில் வருடா வருடம் ஒரு பராமரிப்புக் கட்டணம் வரும். நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். அது உங்கள் வாரத்துக்கோ உங்கள் பொயின்ற்ஸுக்கோ (வாரத்துக்குப் பதிலாகச் சில நிறுவனங்கள் தருவது, தங்கத் தங்க அதில் கழியும்) உரியது. அந்த வாரத்தை மச்சான் குடும்பத்துக்குக் கொடுத்தால் அந்த வருடம் உங்களுக்கு விடுமுறையே இல்லை. விலை ஏறுகிற காணியும் உங்கள் பின்னால் இல்லை, பழைய டைம்ஷெயாரை விற்கப் போனவர்களுக்கு வாங்கிய விலையில் எவ்வளவு சின்னப் பங்கு திரும்பி வரும் என்று தெரியும். ஆகவே இங்கே பராமரிப்புக் கட்டணம் முழுவதையும் கேட்பது நியாயம்.

பொயின்ற்ஸ் என்றால் பிரித்துப் பாருங்கள். வருடக் கட்டணம் 1,200 டொலர், கிடைப்பது 12,000 பொயின்ற்ஸ் என்று வைத்தால் ஒன்றுக்குப் பத்துச் சதம். மச்சானின் வாரத்துக்கு 9,000 போனால் 900 டொலர். விருந்தினர் பெயரில் பதிய நிறுவனம் தனியாக ஒரு கட்டணம் எடுத்தால் அதையும் சேருங்கள். ஆர்சிஐ போன்ற, டைம்ஷெயார்களை மாற்றிக் கொடுக்கிற நிறுவனம் ஒன்றின் மூலம் வேறு ஊருக்கு மாற்றிக் கொடுத்தால் மாற்றுக் கட்டணமும் சேரும். வாங்கிய விலையைச் சேர்க்காதீர்கள். அந்தக் காசு போய்விட்டது, அதைச் சொந்தங்களிடம் தேட முடியாது.

கேட்க முன் ஒரு வேலை இருக்கிறது. அதே விடுதி, அதே வாரம் இணையத்தில் வெளியாருக்கு என்ன விலை என்று பாருங்கள். உங்கள் கட்டணத்தைவிட அது குறைவாக இருப்பது நடக்கிற விஷயம். அப்படியென்றால் அந்தக் குறைந்த விலையைத்தான் கேட்க வேண்டும். நீங்கள் பார்க்காவிட்டாலும் மச்சாள் பார்ப்பார். பொயின்ற்ஸ் காலாவதியாகப் போகிறது, நீங்களும் போகப் போவதில்லை என்றால் பதிவுக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தையும் ஒருமுறை எடுத்து வாசியுங்கள். இலாபத்துக்கு வாடகைக்கு விடுவதைப் பல ஒப்பந்தங்கள் தடுக்கின்றன. விருந்தினரின் பெயர் முன்கூட்டியே பதியாவிட்டால் வாசலில் திறப்புக் கொடுக்க மாட்டார்கள். அறையில் ஏதாவது உடைந்தால் கடைசியில் பில் வருவது பெயர்க்காரரான உங்களுக்கு. சென்னையில் சிலர் வைத்திருக்கும் கிளப் மஹிந்திரா மாதிரி 25 வருட உறுப்புரிமைக்கும் வருடக் கட்டணம் இருக்கிறது. அங்கேயும் கணக்கைத் தொடங்குகிற இடம் அதுதான்.

சொல்வது எப்படி, எப்போது

எங்கள் வீட்டில் தைப்பொங்கலுக்குள் தொகை முடிவாகிவிடும். ஆட்கள் ஓகஸ்டுக்கு ரிக்கெற் போட முன்னரே அவர்கள் கையில் அது இருக்க வேண்டும். பெட்டியுடன் வாசலில் வந்து நிற்பவரிடம் சொன்னால் எவ்வளவு சின்னத் தொகையும் அவமானமாகத்தான் படும். தனித்தனியாகச் சொல்வதையும் விட்டுவிட்டேன். குடும்பக் குழுவில் எல்லோருக்கும் ஒரே செய்தி. நான் போடுவது இப்படி:

"வணக்கம் எல்லாருக்கும். நிலாவெளி வீட்டின்ர இந்த வருசக் கணக்கு. ஒரு வாரத்துக்கு வீட்டுப் பங்கு 10,000. ரெண்டு மூண்டு நாள் எண்டா அதுக்கேற்ற மாதிரி. கரண்ட் மீற்றர்படி, வரேக்கயும் போகேக்கயும் படம் எடுத்துப் போடுங்கோ. துப்புரவு 4,000, அக்காவின்ர கையில நேரே குடுங்கோ. பெரியாக்களுக்கும் காரியத்துக்கு வாறவைக்கும் ஒண்டும் இல்லை. ஏதும் உடைஞ்சா பரவாயில்லை, சொல்லுங்கோ."

கடைசி வரி முக்கியம். சொந்தங்களிடம் முற்பணம் வாங்கி வைப்பது எங்கள் ஆட்களுக்குள் சரிவராது. உடைந்ததை மறைத்து வைப்பதுதான் பெரிய நட்டம். ஒழுகுகிற பைப்பைச் சொல்லாமல் விட்டால் மோட்டர் இரவெல்லாம் ஓடும். சொன்னவரிடம் நான் ஒருநாளும் காசு கேட்டதில்லை, அதே மாதிரிப் பொருள் ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் போனவர்கள்தான் அதிகம்.

"சொந்தத்துக்குள்ள என்ன காசு?" என்று ஒருவர் கேட்பார். தூரத்து முறையில் மாமா ஒருவர் என்னிடம் கேட்டார். நான் கொப்பியைக் காட்டினேன். "மாமா, இதில எங்களுக்கு ஒரு சதமும் மிஞ்சாது. நீங்கள் குடுக்காட்டி அண்ணா குடுப்பார்" என்றேன். அண்ணா ரொறன்ரோவில் இரண்டு வேலை செய்கிறவர் என்று மாமாவுக்குத் தெரியும். அடுத்த நாள் காசைக் கொண்டுவந்து தந்துவிட்டு, கூடவே பாரை மீன் ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனார்.

மீனைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பலகாரம், கருவாடு, வெளிநாட்டுச் சொக்லேற், எதுவும் அப்படித்தான். அது அன்பு, அதற்கு விலை போட்டால் அடுத்த முறை வராது. உழைப்பு என்றால் சேர்க்க வேண்டும். எங்கள் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் தங்கியிருந்தபோது மோட்டருக்கு வயரிங் முழுக்க மாற்றித் தந்தான். வெளியாளைக் கூப்பிட்டிருந்தால் என்ன கூலியோ அதை அவன் கணக்கில் கழித்தேன். அவன் வேண்டாம் என்றான், நான் விடவில்லை.

இரண்டு சிக்கல்

ஓகஸ்டில் கொழும்புப் பள்ளிக்கூட விடுமுறையும் வெளிநாட்டு விடுமுறையும் ஒன்றாக விழும். நாலு வாரத்துக்கு எட்டுக் குடும்பம் கேட்கும். விலையை ஏற்றினால் காசுள்ளவருக்கு வீடு போகும், அது கூடாது. முதலில் கேட்டவருக்கு என்பதும் எங்களுக்குச் சரிவரவில்லை, எப்போதும் ஒரே ஆட்கள்தான் முந்துவார்கள். இப்போது போன வருடம் ஓகஸ்டில் வந்தவர்கள் இந்த வருடம் மே, ஜூனில் வர வேண்டும் என்று வைத்திருக்கிறோம். மே மாதக் கடல் ஓகஸ்டைவிடக் குறைந்ததில்லை, கரையில் சனமும் குறைவு.

மற்றது, சொந்தக்காரரின் சிநேகிதர்கள். "என்ர கந்தோர்ப் பெடியங்கள் நாலு பேர் வாறாங்கள், திறப்பைக் குடுங்கோ" என்று ஒரு மருமகன் கேட்டான். கேட்டவர் கூடவே வந்து தங்கினால் அதே தொகைதான், ஆட்களின் எண்ணிக்கை மட்டும் கட்டில்களுக்குள் அடங்க வேண்டும். அவர் வராமல் சிநேகிதர்கள் மட்டும் என்றால் நான் கொடுப்பதில்லை. வெளியாரிடம் காசு வாங்கி அறை கொடுப்பது வேறு தொழில். அதற்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிய வேண்டும், பிரதேச சபையில் அனுமதி எடுக்க வேண்டும், மின்சாரத்திலும் ஹோட்டல்களுக்கு வேறு கட்டண வகை இருக்கிறது. அந்தப் பாதையில் போவதென்றால் நாலு சகோதரங்களும் இருந்து முடிவெடுத்துப் போக வேண்டும், ஒரு மருமகனின் தொலைபேசி அழைப்பில் போகக் கூடாது.

கணக்கை மூடுவது

ஒக்டோபரில் மழை இறங்க முன் கொப்பியைக் கூட்டிப் பாருங்கள். வந்தது, போனது, மிச்சம் என்று மூன்று வரி போதும். பில்களைப் படம் எடுத்து அதே குடும்பக் குழுவில் போடுங்கள், காசு கொடுத்தவர்கள் எல்லோரும் பார்க்கட்டும். மிச்சம் வந்தால் பங்கு பிரிக்காமல் உப்புக் காற்றுக் கணக்கில் போடுவோம். குறைந்தால் நாங்கள் நாலு பேரும் சமமாகப் போடுவோம்.

அதன்பின் நான் ஒரு நாள் பஸ்ஸில் நிலாவெளிக்குப் போவேன். பிரிஜ்ஜைத் துடைத்துக் கதவைத் திறந்து விட்டு, மெத்தைகளைச் சுவரில் சாய்த்து, ஏசியின் வெளிப்பெட்டிகளுக்குப் படங்கு கட்டி, மெயின் சுவிட்சை நிறுத்தி, மீற்றரைக் கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொண்டு வருவேன். அடுத்த வருடக் கணக்கின் முதல் வரி அந்த எண்தான்.